அரூரிலிருந்து நாலு மணி நேரம்

"கிலோமீட்டரு நமக்கு எதுக்குங்க? நாலு மணி நேரம்," என்று சொல்லிக்கொண்டே பச்சியப்பன் கார் கண்ணாடியைத் துடைக்கிறார். அரூர் கார் ஸ்டாண்டில் வந்து பெங்களூரு விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும் இதுதான் பதில். கிருஷ்ணகிரியில் டீ குடிக்கும் நேரமும் ஓசூர் நெரிசலும் அதில் அடக்கம்.

எங்கள் ஊரில் ராகுகாலத்தில் யாரும் பயணம் கிளம்பமாட்டார்கள். விமானத்துக்கு அது தெரியுமா? அதனால் முந்தின நாளே இவரிடமே நல்ல நேரம் கேட்டுப் பெட்டியை இவர் கார் டிக்கியில் ஏற்றிவிடுவார்கள். பெட்டி கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பிய மாதிரி. அப்புறம் எமகண்டத்தில்கூடப் போகலாம். இவர் காய்கறி வாங்கச் சந்தைக்குப் போனாலும், யாரோ ஒருவருடைய துபாய்ப் பெட்டியும் கூடவே போய் வரும்.

வழியனுப்ப வந்தவர்கள் விமான நிலைய வாசலில் அழுதால் இவருக்குப் பொறுக்காது. "துபாய் என்னங்க பெரிய தூரம்? அதுவும் நாலு மணி நேரந்தான். நாம வூடு போயி கைகால் கழுவறப்ப அவரு அங்க இறங்கிடுவாரு." அழுகை பாதி அடங்கிவிடும்.

விமானம் மேலே ஏறும்வரை காத்திருந்துதான் வண்டியை எடுப்பார். பிறகு அதனுடனேயே போவார். அத்திப்பள்ளி தாண்டினால், "இப்ப கடலு மேல போறாங்க." விமானத்தில் ஏறியதே இல்லை; போய் வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருக்கிறார். "மேகத்துக்கு மேல எப்பவும் வெயிலாம் சார். பஞ்சு காயப்போட்ட மாதிரி இருக்குமாம்." கிருஷ்ணகிரி மாந்தோப்புகளின் பூவாசனை காருக்குள் வரும், இவரோ, "கீழ வெறும் மணலு" என்பார். ஒருமுறை கூடப் போனபோது, கார் தரையில்தான் ஓடுகிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

போன மாதம் இவர் மகள் பாரதிக்குத் துபாயில் நர்ஸ் வேலை கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு ஊருக்கு வர லீவு கிடையாது. ஊரார் பெட்டிக்கெல்லாம் நொடியில் நேரம் சொன்னவருக்கு, மகள் பெட்டிக்கு மட்டும் நல்ல நேரமே அகப்படவில்லை. திங்கட்கிழமை கரிநாள். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். மனுஷர் காலண்டரைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிள்ளையை அனுப்ப மனசில்லை, அவ்வளவுதான். கடைசியில் மனைவி சோபனாதான் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தார்.

வியாழக்கிழமை சோபனா வீட்டு வாசலோடு நின்றுகொண்டார். எதிர்வீட்டுக்காரன், கார் ஓட்டத் தெரிந்தவன் என்ற முறையில் நான் கூடப் போனேன். நாலு மணி நேரப் பாதைக்கு அன்று ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. லாரிகள்கூட எங்களை முந்திக்கொண்டு போயின. நல்லவேளை, விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

உள்ளே போகுமுன் பாரதி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாலே மணி நேரந்தான்ப்பா."

"அது ஊரு சனத்துக்குச் சொல்றது சாமி. நீ எப்ப வருவ?"

அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் காத்திருந்தோம். விமானம் தலைக்கு மேலே போய், சத்தமும் அடங்கியது. பச்சியப்பன் காரைச் சுற்றி வந்து சாவியை என் கையில் வைத்தார். பிறகு பின்கதவைத் திறந்து, பாரதி உட்கார்ந்து வந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.