ஞானமணி அக்காவிடம் நான் கேட்காத மன்னிப்பு

வெள்ளிக்கிழமை காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது ஞானமணி அக்காவின் மகள் ஜெபா போன் செய்தாள். “சித்தி, அம்மா போயிட்டாவ.” எங்கே போனார்கள் என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். முந்தின ஞாயிறு என் பக்கத்தில் நின்று பாடியவர்!

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். எங்கள் சபையில் ஆண்டவருக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வரும் காணிக்கைப் பொருட்களை வாங்கி, சபைக்காக விடும் ஏலத்துக்கு அடுக்கி வைப்பது எங்கள் இருவர் பொறுப்பு. ஊரில் நெல்லும் வாழைத்தாரும் வரும். இங்கே சூட்கேசும் மிக்ஸியும் வரும்.

ஒரு வருடம் அவர் பிரிக்காத புதுக் குக்கரைக் கொண்டுவந்து வைத்தார். அவர் வீட்டுக் குக்கருக்குக் கைப்பிடி கிடையாது. “ஒங்களுக்கென்ன கிறுக்காக்கா?” என்றேன்.

“பழசை ஆண்டவருக்குக் குடுத்துட்டு, புதுசுல நான் சோறு பொங்கவா?” என்று சிரித்தார். பெண்கள் கூட்டத்திலும் அடிக்கடி சொல்வார்: “சம்பாதிங்க, வாங்குங்க, வேண்டாங்கல. அது கையவிட்டுப் போனா நமக்கு மூச்சு நிக்கக்கூடாது, அம்புட்டுத்தான்.”

பிறகு நாங்கள் தாராவியை விட்டு, செம்பூரில் பால்கனி வைத்த வீடு வாங்கிப் போனோம். சென்ற பண்டிகைக்கு நான் ஒரு டின்னர் செட் கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்த அக்கா, தட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “ரூத்து, இது கழிச்சுப்போட வச்சிருந்ததுதானட்டி?”

சுற்றிலும் நாலு பேர் நின்றார்கள். எனக்கு மானமே போய்விட்டது. “நான் செம்பூர்ல வீடு வாங்கிட்டேன்னு ஒங்களுக்கு வயித்தெரிச்சல்!” என்று கத்தினேன்.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. “அப்படியும் இருக்குமோ என்னமோ. யோசிச்சுப் பாக்கேன்” என்றார்.

மறுவாரமே என் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “நீ சொன்னது நெசந்தான். ஒன் பால்கனியப் பாத்துட்டுப் போன அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல. என்னைய மன்னிச்சிரும்மா” என்றார்.

எனக்கு என்ன நெஞ்சழுத்தம்! “விடுங்கக்கா, மன்னிச்சிட்டேன்” என்று பெரிய மனுஷிபோலச் சொன்னேன். அவர் நிம்மதியாக டீ குடித்துவிட்டுப் போனார். தட்டுகளைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அதன்பின் எத்தனையோ ஞாயிறுகள் பக்கத்தில் நின்றும் திறக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரோடும் ஒரு பிடி மண் போட்டபோதும், அதைச் சொல்லாமல் கையைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது சபையார் எல்லாரும் கேட்கச் சொல்கிறேன். அக்கா, அந்தத் தட்டுகளில் பாதி விரிசல். பெட்டியைக் கட்டும்போதே எனக்குத் தெரியும். நல்ல செட் ஷோகேசில் இருந்தது. எடுக்க மனசு வரவில்லை. உங்கள் பொறாமையை நீங்கள் என் வீடு தேடி வந்து சொன்னீர்கள். என் கருமித்தனத்தைச் சொல்ல, நீங்கள் செத்துப்போக வேண்டியிருந்தது.

போய் வாருங்கள், அக்கா. என்னை மன்னித்துவிடுங்கள்.