ஒரே பலகையில் இரண்டு பேர்

மேஸ்திரியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. கை சுத்தம், அவ்வளவுதான். வாய் சுத்தமில்லை. பிரஷ்ஷைப் பிடித்தால் சுவர் பளபளக்கும். வாயைத் திறந்தால் பக்கத்தில் ஒரு ஆள் மிஞ்ச மாட்டான்.

உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிப்பது எங்கள் தொழில். மேலிருந்து இரண்டு கயிற்றில் ஒரு பலகை தொங்கும். வலது முனையில் மேஸ்திரி, இடது முனையில் அவர் கூடப்பிறந்த தம்பி. ஆளுக்கொரு கயிறு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கயிற்றை விட்டால்தான் பலகை சாயாமல் இறங்கும். மொட்டைமாடியில் நின்று முடிச்சுகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான்.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. தம்பிக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார் விசாரிக்க வந்தபோது மேஸ்திரி, "அவனா? சாயங்காலம் ஆனா நிதானத்துல இருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டார். என்றைக்கோ ஒருநாள் குடித்தவன் அவன். கல்யாணம் நின்றுபோனது. தம்பி அன்றோடு அண்ணனிடம் பேச்சை வெட்டிக்கொண்டான்.

ஆனால் வேறு யாரோடும் இருவருக்கும் கை ஒத்துவரவில்லை. அதனால் ஒரே பலகைதான். பேச்சுக்குப் பதிலாக, சுவருக்குப் பட்டி பூசும் தகட்டால் பலகையில் தட்டுவார்கள். இரண்டு தட்டு என்றால் 'இறக்கு'. ஒரு தட்டு என்றால் 'நில்லு'. இப்படியும் ஒரு ரத்த பாசம்.

போன மாதம் மேஸ்திரியின் நடை தள்ளாடியது. என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். இடது காது உள்ளுக்குள் கெட்டிருக்கிறது, கேட்பதும் குறைந்துவிட்டது, இதற்குச் 'சமநிலைக் குலைவு' என்று பெயர், இனி உயரத்தில் ஏறவே கூடாது என்றார் டாக்டர். பேப்பரில் இந்த வார்த்தையை விலைவாசிக்குப் போடுவார்கள், பருவநிலைக்குப் போடுவார்கள். காதுக்கும் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. அந்தக் குடும்பத்துக்கு அது எப்போதோ வந்துவிட்டது. அதைச் சொல்ல டாக்டர் தேவையில்லை.

"இது வெளிய தெரிஞ்சுது, முதல்ல உன் வேலை போகும்" என்றார் மேஸ்திரி படியிறங்கும்போது. தான் கீழே நின்றால் தம்பி மேஸ்திரி ஆகிவிடுவான், அதுதான் அவர் பயம். வேலை போய்விடுமே என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று மேஸ்திரி இரண்டு தட்டு தட்டினார். தம்பியின் கயிறு சிக்கிக்கொண்டிருந்தது. அவன் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். மேலே எனக்கே கேட்டது. மேஸ்திரி பாட்டுக்குத் தன் கயிற்றை விட்டார். பலகை ஒரு பக்கமாகச் சரிந்தது. பெயிண்ட் வாளி கீழே போனது. இடுப்பு பெல்ட் மட்டும் இல்லையென்றால் மேஸ்திரியும் போயிருப்பார்.

இருவரையும் கீழே இறக்கிவிட்டு நானும் இறங்கி வந்தபோது கட்டடத்து இன்ஜினியர் ஓடி வந்தார்.

"இவன் நில்லுன்னு தட்டவே இல்ல சார். என்னைக் கொல்லப் பாத்தான்" என்றார் மேஸ்திரி, கூசாமல்.

இன்ஜினியர் தம்பியைப் பார்த்து, "நாளையிலேருந்து நீ வர வேண்டாம்" என்றார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "தட்டினான் சார். மேல எனக்குக் கேட்டுது. அண்ணே, உங்களுக்குக் காது போயிடுச்சு. டாக்டர் சொன்னத நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

தம்பி என் பக்கம் திரும்பினான். "தெரிஞ்சுமா இந்த ஆளோட என்னை ஒரே பலகையில ஏத்தி விட்டே?"

"பொய் சார், எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் மேஸ்திரி.

"அப்போ கண்ண மூடிக்கிட்டு இந்தக் கோட்டு மேல நடங்க. ஒழுங்கா நடந்தா நீங்க சொன்னதுதான் நிஜம்" என்றேன் நான்.

வண்டி நிறுத்தும் இடத்தில் மேஸ்திரியே போட்ட மஞ்சள் கோடு அது. கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் சரியாகத்தான் போனார். பிறகு இடது பக்கமாக ஒதுங்கினார், இன்னும் ஒதுங்கினார், சாய்ந்தார். கை காற்றில் துழாவி ஒரு தோளைப் பிடித்தது.

கண்ணைத் திறந்தார். தம்பியின் தோள். அவன் நகரவும் இல்லை, தாங்கவும் இல்லை, மரம் மாதிரி நின்றான். மேஸ்திரி நெருப்பைத் தொட்டவர் போலக் கையை எடுத்தார். எடுத்த வேகத்தில் தடாலென்று விழுந்தார்.

நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். தரையில் கிடந்தபடியே இன்ஜினியரை அண்ணாந்து பார்த்து மேஸ்திரி சொன்னார்:

"பாத்தீங்கல்ல சார்? தள்ளிட்டான்."