ஜெசிந்தா அம்மாவின் கண்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே வாய்விட்டுச் சிரிக்கிற ஜாதி நான். கோயில் வேலை பார்த்த அப்பா வளர்த்த பெண். புளியமரத்தைப் பார்த்துப் பயந்ததும் கிடையாது, பயப்படுகிறவர்களைக் கிண்டல் பண்ணாமல் விட்டதும் கிடையாது. இதைக் கேட்டுவிட்டு நீங்களும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம், அதனாலேயே இத்தனை வருஷம் வெளியே சொல்லவில்லை.

திண்டிவனத்தில் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. கல்யாண வீடியோ எடுப்பது வீட்டுக்காரர், அதை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு, மெனு செய்து, டிவிடியில் ஏற்றிக் கொடுப்பது நான். கேசட் போய் டிவிடி வந்த புதுசு. எல்லாக் கல்யாண டிவிடியிலும் முதலில், இறந்துபோன பெரியவர்கள் படத்துக்கு மாலை போட்டு, மெழுகுவத்தி எரிகிற மாதிரி ஓடவிட்டு, அவர்கள் ஆசீர்வதிப்பதாகக் காட்டுவோம். அது இல்லாவிட்டால் சண்டைக்கே வந்துவிடுவார்கள்.

ஒலக்கூர் பக்கத்து ஜெசிந்தா கல்யாணம் முடிந்த மறுநாளே ஒரு கவரோடு வந்தாள். உள்ளே அவள் அம்மா படம். செத்த அன்று நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தது, கண் மூடியிருந்தது. அந்த அம்மாவுக்கு வேறு படமே இல்லையாம்.

"கண்ண மட்டும் தெறந்து குடுங்கக்கா. எங்கம்மா என் கல்யாணத்த பாக்கணும்."

எங்களுக்கு இது பழக்கமான வேலைதான். மகள், தங்கச்சி என்று யாருடைய கண்ணையாவது எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டிவிடுவோம். சரி என்று சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலமே அவள் அப்பா வந்து நின்றார். "எம்மா, அந்தப் போட்டோவ போட்டுடாதம்மா. ரெண்டாவது வந்தவ மொகத்த தூக்கி வச்சிக்கினு இருக்கா. பேஜாரா பூடும்."

ஆர்டர் கொடுத்தது அவர். நான் கவரை அப்படியே மேஜை டிராயரில் போட்டேன், ஸ்கேன்கூடப் பண்ணவில்லை. படம் வரவேண்டிய இடத்தைக் கறுப்பாக விட்டு, மேலே பாட்டை ஓட்டினேன். ஜெசிந்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அழுவாளே என்று சோம்பல்பட்டு விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாம் அவர்கள் வீட்டில் கூடினார்கள். டிவிடியை எடுத்துப் போனது நான். பட்டப்பகல். அதைப் பிளேயரில் போட்டுவிட்டு, கேள்வி வருவதற்குள் நழுவிவிடலாம் என்று வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நம்பினால் நம்புங்கள். பாட்டு ஆரம்பித்தது, கறுப்பு வரவேண்டிய இடத்தில் அந்த அம்மா வந்தாள். கண் திறந்திருந்தது.

ஜெசிந்தாவின் அப்பா எழுந்து நின்றுவிட்டார். சித்திக்காரி முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். ஜெசிந்தா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா! இடது கண்ணுல அந்தப் பழுப்புப் புள்ளியகூட வச்சிருக்கீங்களே! யாரு சொன்னா உங்களுக்கு?"

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா? "பாத்துப் பண்ணேம்மா" என்றேன். இந்த நாக்குதான் சொன்னது. அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குக் கூசிப்போய்விட்டது.

கடைக்கு ஓடிவந்து பார்த்தேன். கம்ப்யூட்டரில் அந்த இடம் கறுப்புதான். கூடவே எழுதிய இன்னொரு டிவிடியிலும் கறுப்புதான். கவர் டிராயரில் வைத்த இடத்திலேயே இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "நீயே பண்ணிட்டு மறந்துட்டிருப்ப" என்று சாப்பிடப் போய்விட்டார்.

ரெண்டு மூன்று வருஷம் கழித்து ஜெசிந்தா இடுப்பில் குழந்தையோடு வந்தாள். டிவிடியில் கீறல் விழுந்திருக்கிறது, காப்பி வேண்டும் என்றாள். அவள் டிவிடியிலிருந்தே காப்பி எடுத்தேன், முகம் மட்டும் வரவில்லை. மறுபடி எடுத்தேன், கறுப்புதான். உண்மையைச் சொல்ல அப்போதும் துணிச்சல் இல்லை. நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டு, டிராயரில் கிடந்த படத்தை எடுத்து, ஜெசிந்தாவின் கண்ணையே ஒட்டி, பழுப்புப் புள்ளியையும் நானே வைத்து, அச்சாக அப்படியே செய்தேன். முதல் நாளே செய்து முடித்திருக்க வேண்டிய வேலை.

மறுநாள் கடையிலேயே போட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாதான்க்கா இருக்குது. ஆனா இது எங்கம்மா பாக்குற மாதிரி இல்ல." பழைய டிவிடியைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "அதுல எங்கம்மா என்னகூட பாக்காது, வாசப்பக்கமே மொறச்சி பாத்துக்கினு இருக்கும். யார பாக்குதுன்னுதான் தெரியலக்கா."

அன்றைக்கு வாசலோரம் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.