ஆய்வு நாளில் வள்ளி

எல்லாக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும் என்று காரைக்குடிப் பள்ளி ஒன்றின் விழாவில் முழங்கி, என் பேச்சுக்கு நானே கண்கலங்கிய அசடு நான்.

பாதிப் பேச்சில், மேடைக்குப் பின்னாலிருந்த சத்துணவுக் கூடத்தின் பழைய அரிசி வாடை வள்ளியை நினைவுக்கு இழுத்து வந்தது. இன்று இடிந்து தரைமட்டமாகிவிட்ட எங்கள் நெற்குப்பை ஓட்டுப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டத் தெரியாத அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, சிலேட்டில் ஒரே ‘அ’வை எச்சில் தொட்டு அழித்து அழித்து எழுதிக்கொண்டிருப்பாள். ஆய்வாளர் வரும் நாட்களில் மட்டும், முதல் ரேங்க்காரனான நான் அவளைச் சத்துணவுக் கூடத்தில் அரிசியில் கல் பொறுக்க விட்டுவிட்டு வரவேண்டும். “நானும் இங்குட்டு ஓரமா இருந்துக்கிறேன்டா, வாயே தொறக்க மாட்டேன்” என்று வகுப்பின் கதவு நிலையைப் பற்றிக்கொள்ளும் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத்தான் நான் ‘நல்ல பிள்ளை’ என்று பெயர் வாங்கினேன்.

இதையும் மேடையில் சொன்னேன். நல்ல கைதட்டல்.

இறங்கியதும் தலைமையாசிரியை சொன்னார்: “ரொம்ப உருக்கமாப் பேசுனீக சார். நம்ம பள்ளிக்கூடத்துலயும் அந்த மாதிரி நாலு பிள்ளைக இருக்குதுக. நடுவுல சத்தம் போட்டா உங்க பேச்சு கெட்டுப்போயிரும்னு அதுகளுக்கு மட்டும் இன்னைக்கு லீவு விட்டுட்டேன்.”