வேப்பமரத்துத் தூக்குச்சட்டி

மத்தாப்பு சுட்ட மகளின் விரலில் களிம்பு தடவினேன். அந்த வாடை என்னைச் சாத்தூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டது.

அப்போது நான் ஐந்தாவது படித்தேன். தீபாவளி ஆர்டர் அவசரத்தில், உச்சி வெயிலிலும் அக்காவைப் பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்து ஷெட்டுக்குள் விரட்டினார் ஃபோர்மேன். ஷெட் வெடித்தது. அக்கா போய்விட்டாள். ஃபோர்மேனுக்கு இரண்டு கையும் வெந்துபோனது. ஊரில் ஒருவரும் அவரை எட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிறு ஜெபம் முடிந்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய், அவருக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டினாள்.

"எப்படித் தாயி மனசு வந்துச்சு?" என்று அவர் அழுதார்.

"பகையாளிக்கும் பசியாத்தச் சொல்லிருக்காரு ஏசப்பா. அதான் வந்தேன். மனசு இன்னும் வரல. வாயத் தெறங்க."

களிம்பை மூடிவிட்டேன். அம்மா கஞ்சி கொண்டுபோன தூக்குச்சட்டி, வெடித்த அன்று காலையில் அக்கா கம்பெனி வேப்பமரத்தில் மாட்டிவிட்டுப் போனது.