ஊதாத் தண்ணீர்

ஒகேனக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் வேகவைத்த சோளக்கதிர் விற்கிறேன். போன ஆடிப்பெருக்கன்று முதன்முறையாக, மாரண்டஹள்ளியில் என் அக்கா நிலத்தில் விளைந்த நாட்டு மக்காச்சோளத்தைக் கொண்டுவந்தேன். அதன் மணிகள் நாவல் பழம்போல் கருஊதாவாக இருக்கும். வேகும்போது தண்ணீரும் ஊதாவாகிவிடும்.

குழந்தையோடு வந்த ஓர் அம்மா குண்டானை எட்டிப் பார்த்துப் பதறிப்போனார். "சாயம் கலந்தா விக்கிறீங்க?" என்று அவர் சத்தம் போட்டதும் கூட்டம் கூடிவிட்டது. திருவிழாக் கடைகளைச் சோதிக்க வந்திருந்த உணவுப் பாதுகாப்பு அதிகாரியை யாரோ கூட்டிவந்தார்கள்.

"சத்தியமா ஒன்னுமே கலக்கலைங்க சார். எங்கக்கா வூட்டுல எப்பவும் இதைத்தானுங்க திங்கறாங்க" என்றேன்.

அதிகாரி ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டு, கதிரில் தேய்க்க நான் வைத்திருந்த எலுமிச்சையைப் பிழிந்தார். ஊதா நிறம் பளிச்சென்று ரோஜா நிறமானது.

"சாயமா இருந்தா பெரும்பாலும் இப்படி மாறாதுங்க. இது சோளத்தோட சொந்த நிறம். நாவல் பழத்துல இருக்கிற அதே ஆந்தோசயனின். உடம்புக்கு நல்லதுதான், தைரியமா சாப்பிடுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. பாப்பா சாப்பிடறதாச்சே, பயந்துட்டேன்" என்றார் அந்த அம்மா.

நானும் பிள்ளை பெற்றவள்தானே, கோபம் வரவில்லை. நல்ல கதிராகப் பார்த்துக் கொடுத்தேன். குழந்தை கடித்துத் தின்றுவிட்டு ஊதா நாக்கை நீட்டியது. அதிகாரியும் சிரித்துவிட்டார்.