வாரண்டில் இல்லாத பெயர்

கற்பகவல்லிக்கு இந்த வேலை புருஷன் வழியாக வந்தது. பலவேசம் கோர்ட்டில் சம்மன் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவர், வேலையில் இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். வாரிசு வேலையில் நுழைந்த கற்பகவல்லி கொஞ்ச காலம் சம்மன் கொடுத்தாள், பிறகு அமீனா ஆனாள். தீர்ப்பு வந்த பிறகும் பணம் கட்டாதவர்களின் வீட்டுக்கு வாரண்டோடு போய், இருக்கிற பொருளை ஜப்தி செய்யும் வேலை.

பொம்பளை ஜப்திக்கு வருவதை ஆரம்பத்தில் வேடிக்கை பார்த்த ஊர்கள் பிறகு பழகிக்கொண்டன. பஸ்ஸை விட்டு அவள் இறங்கியதுமே டீக்கடையிலிருந்து போன் போய்விடும். அவள் நடந்து போய்ச் சேர்வதற்குள் அந்த வீட்டு டிவி பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். பைக்கை மச்சினன் எடுத்துக்கொண்டு போயிருப்பான். அவள் யாரையும் திட்டுவதில்லை. திட்டுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். முட்டி வலியோடு வெயிலில் நடந்து வந்தவளுக்குக் கொஞ்சம் உட்கார இடம் கிடைத்தால் போதுமென்றிருக்கும்.

பாண்டிமீனா கோர்ட்டில் வாங்கிய வாரண்டும் அப்படி ஒன்றுதான். ஆமத்தூர்க்காரி. தாயில்பட்டியில் மாரீஸ்வரன் என்பவர் லைசென்ஸ் இல்லாமல் போட்டிருந்த ஷெட்டில் பட்டாசுக்கு மருந்து கலந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்து, இரண்டு கையிலும் விரல்கள் போய்விட்டன. இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டு, வருஷக்கணக்கில் அலைந்து ஜெயித்தாள். ஜெயித்த பிறகுதான் நிஜமான அலைச்சல் ஆரம்பித்தது.

கற்பகவல்லி முதல் தடவை போனபோது மாரீஸ்வரன் வாசலுக்கே வந்து கூப்பிட்டார்.

"வாங்கம்மா, வாங்க. இந்த வெயில்ல வந்திருக்கீக. கலரு சோடா குடிக்கீகளா?"

"எதுவும் வேணாம். பிரிட்ஜு ஒங்களுதா?"

"அது எம் பொண்டாட்டி சீரா கொண்டாந்ததுல்லா."

"வெளிய நிக்கிற வேனு?"

"அதுவும் அவ பேருதான். வீடும் அவ பேரு. ஆர்சி புக்கு, பத்திரம் எல்லாம் இருக்கு, பாக்கீகளா?"

"ஒங்க பேருல என்னதான் இருக்கு?"

"இந்தா, வேட்டியும் சட்டையும் இருக்கு. அவுத்துத் தரட்டுமா?"

வாசலில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மனைவி லட்சுமிகாந்தம் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜப்தி செய்யப் பொருள் எதுவும் இல்லையென்று எழுதிவிட்டுக் கற்பகவல்லி பஸ் ஏறினாள்.

வழக்கு வந்த பிறகு மனைவி பேருக்கு அவசரமாக மாற்றிய சொத்துகள்தான் அவை. அதை எதிர்த்துத் தனியாக வழக்குப் போடலாம் என்றார் பாண்டிமீனாவின் வக்கீல். இன்னொரு வழக்கா என்று அவள் அழுதாள். அதற்குப் பதில் மறுபடி ஒரு வாரண்டு வாங்கினார்கள். அந்தத் தடவை வீடு பூட்டிக் கிடந்தது.

அதற்கடுத்த தடவை, பொருளை அடையாளம் காட்டுகிறேனென்று பாண்டிமீனாவும் கூட வந்தாள். தீபாவளிக்கு முந்தின சீசன். மாரீஸ்வரன் லோடு ஏற்றப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. லட்சுமிகாந்தம் மட்டும் இருந்தாள். இரண்டு பேருக்கும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

பாண்டிமீனா செம்பை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கித் தூக்கினாள். பாதி அவள் மடியில் கொட்டியது. லட்சுமிகாந்தம் சட்டென்று செம்பைப் பிடித்துக்கொண்டு, அவள் குடித்து முடிக்கும்வரை சாய்த்துக் கொடுத்தாள்.

"சாப்பாடெல்லாம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எங்க ஆத்தா ஊட்டிவிடும். அதுக்கும் இப்பக் கண்ணு தெரியல."

கற்பகவல்லி பழையபடி எழுதிக்கொண்டு எழுந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து லட்சுமிகாந்தம் தனியாகக் கோர்ட்டுக்கு வந்து நின்றாள். கையில் மஞ்சப்பை.

"அமீனாம்மா, வேனை வித்துட்டேன். இந்தப் பணத்தைப் பிடிங்க."

கற்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கையில குடுக்காதீக. வக்கீலைப் பாத்துக் கோர்ட்டுல கட்டுங்க. ஆனா ஒண்ணு, வாரண்டுல ஒங்க பேரு கெடையாது. நீங்க கட்டணும்னு சட்டம் இல்ல."

"தெரியும். அவுகதான் ஊரு முன்னால சொன்னாகள்ல, எல்லாம் எம் பேருன்னு. எம் பொருளை நான் விக்கக் கூடாதா?"

"வீட்டுல தெரியுமா?"

"வந்து வேனைக் காணோம்னு தேடும்போது தெரிஞ்சிருக்கும்."

பணம் முக்கால்வாசிக்கு வந்தது. பாண்டிமீனா கற்பகவல்லியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினாள்.

சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை. அமீனா தன் மனைவியின் மனசைக் கலைத்துவிட்டாள் என்று மாரீஸ்வரன் மனுப் போட்டார். விளக்கம் எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். "ஒனக்கு எதுக்குக்கா இந்த வம்பு?" என்று ஆபீசில் கேட்டார்கள். அவள் எந்த வம்புக்கும் போகவில்லை, தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள், அவ்வளவுதான். விசாரணை முடியும்வரை ராத்திரியில் சரியாகத் தூக்கம் வரவில்லை. இந்த வயதில் சஸ்பெண்டு ஆனால் பென்ஷன் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே படுத்திருந்தாள்.

லட்சுமிகாந்தமே வந்து, தானாகத்தான் கட்டினேன் என்று சொன்ன பிறகு மனு தள்ளுபடியானது.

மிச்சத்துக்கு மறுபடி வாரண்டு. மறுபடி தாயில்பட்டி. கலர் வேண்டுமா என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. மாரீஸ்வரன் வெளியே வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரெண்டு வாரத் தாடி.

"வீட்டம்மா எங்க?" என்று கற்பகவல்லி தயங்கிக் கேட்டாள். அடித்து விரட்டியிருப்பாரோ என்ற பயம் அவளுக்கு வழியெல்லாம் இருந்தது.

உள்ளேயிருந்து லட்சுமிகாந்தத்தின் குரல் வந்தது. "இங்கனதான் இருக்கேன். வீட்டை விட்டுப் போன்னாக. வீடு எம் பேருல இருக்கு, நான் எங்கிட்டுப் போகன்னு கேட்டேன்."

மாரீஸ்வரன் தலையைத் திருப்பிக்கொண்டார். "சீசன் பணம் வரட்டும்மா, கட்டிருதேன்," என்றார். "இல்லாட்டி வீட்டையும் வித்துருவா போல."

இரண்டு தவணையாகக் கட்டினார். கோர்ட்டில் கணக்கு முடித்த அன்று பாண்டிமீனா மிச்சமிருந்த கட்டைவிரலால் ரேகை வைத்தாள். ஆத்தாளுக்குக் கண் ஆபரேஷன் செய்யப்போவதாகச் சொன்னாள். "ஒங்களை மறக்க மாட்டேம்மா," என்றாள்.

கற்பகவல்லி தலையை ஆட்டினாள். கால் இரண்டும் கடுத்தன. பாண்டிமீனாவை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, காலியாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். சிவகாசியில் அச்சாபீஸ் நடத்தும் ஒருவர் வீட்டுக்கு மத்தியானம் இன்னொரு வாரண்டோடு போக வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து எழுந்திருக்கலாம் என்று சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.